பூமி குளிர்ந்த கணக்கு

உஷ்ணம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மூவகையாற் செல்லும் என்பது பௌதிக சாஸ்திரம் பயிலத் தொடங்கிய மாணவர் யாவரும் அறிந்ததே. பொருள் தன் இடத்தை விட்டுப் பெயராமல் உஷ்ணத்தை மட்டும் அணுவுக்கு அணு கைமாற்றி அனுப்புவது கடத்தல். நீரும் காற்றும் போல்வன தாமே பெயர்ந்து உஷ்ணத்தைச் சுமந்துகொண்டு போவது சலனம். இடையே ஒரு பொருளுமின்றிச் சூரிய வெப்பம் நம்மை வந்தடைவது கதிர்வீசல். இம்மூன்றனுள் முதலாவதாகிய கடத்தலே மிகவும் சுவையற்றதென மாணவர் பலர் எண்ணுவர். அடுப்பிலிட்ட கரண்டியின் காம்பு சிறிது நேரத்திற் சுடுகின்றது. இதில் ஆராய்வதற்கு யாது உளது என்பர். அக்கரண்டிக் காம்பின் கணக்கைக் கொண்டே ஸ்காத்லாந்து தேசத்துப் பேராசிரியர் ஒருவர் இப்பூமியின் வயதை அளக்கப் புகுந்தார். அவர் கண்ட விடையை மறுக்கவியலாது பூகர்ப்ப சாஸ்திரிகளும் உயிர்நூலாரும் நாற்பது ஆண்டுகாலம் இடர்ப்பட்டனர். அவர் கணக்கிற் பிழை யாதுமில்லை; விடையோ நாற்பது மடங்குக்கு மேற் பிழை. இஃது எங்ஙனம் நேர்ந்ததென்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், திடப்பொருள்களில் உஷ்ணம் நடக்கும் நடையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மார்கழி மாதத்து விடியலில், இரவு முழுதும் ஓரறையிற் கிடந்த பித்தளைச் செம்பையும் மரப்பலகையையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். செம்பு சில்லென்றிருக்கும், பலகை அவ்வளவு குளிர்வதில்லை. இரண்டன் மீதும் உஷ்ணமானியை வைத்து நோக்கினாலோ ஒரே அளவையே காட்டும். கையின் உஷ்ணம் பித்தளையினுள் விரைந்து ஓடிவிடுகின்றது. மரமோ அதனை வாங்கிய இடத்திலேயே தேக்கி வைக்கின்றது. ஆகவே பலகையின் மேற்புறம் கணப்பொழுதில் கையளவு சூடேறிவிட, கை தன் உஷ்ணத்தை இழப்பது நின்றுபோகின்றது. நம் கை உஷ்ணமானியன்று. ஒரு பொருளின் உஷ்ணநிலையை அது அறிவதில்லை. தன்னிடமிருந்து உஷ்ணம் வெளிப்போகும் வேகத்தையும், தன்னுள் வந்து புகும் வேகத்தையுமே அறிகின்றது. நம் பாட்டிமார் இதனைச் சாஸ்திரமாகப் படித்தவரல்லர். ஆயினும் கொதிக்கும் குழம்பைத் துழாவச் சிரட்டையில் மூங்கிற்காம்பு செருகிய அகப்பையையே எடுத்தனர்.

கம்பளி சூடு தரும் என்பதும் இத்தகைய மயக்கமே. கம்பளி எவருக்கும் சூடு தருவதில்லை. உள்ள சூட்டைப் போகவொட்டாது தடுக்கின்றது. சூட்டை வரவொட்டாது தடுப்பதும் அதே குணத்தாலாம். 1833-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரினின்று பனிக்கட்டி ஏற்றிய கப்பலொன்று நான்கு மாதம் கடலிற் சென்று கல்கத்தாவை அடைந்தது. வழியில் இருமுறை பூமத்திய ரேகையைக் கடந்தும், ஏற்றிய பனிக்கட்டியிற் பெரும்பகுதி கரையாமலே வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அவ்வணிகர் கட்டிய ஐஸ் ஹவுஸ் பின்னர் விவேகானந்தர் இல்லமாயிற்று. இவ்வணிகத்தில் பனிக்கட்டியைப் பொதிந்து காத்தது பெரும்பாலும் மரத்தூள். மரமும் உஷ்ணத்தை எளிதிற் கடத்தாது. தூளினிடையே அகப்பட்டு அசையாது நிற்கும் காற்றோ அதனினும் கடத்தாது.

எப்பொருள் எவ்வளவு கடத்தும் என்பதை முறையாய்ச் சோதித்தவருள் முற்பட்டவர் ஒல்லாந்து நாட்டு வைத்தியராகிய இங்கன்ஹவுஸ் என்பார். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் ஒரே பருமனுள்ள பல உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, அவற்றின் ஒருமுனையைச் சூடான திரவத்தில் அமிழ்த்தி, எக்கம்பியில் மெழுகு மிகுதூரம் உருகுகின்றதென நோக்கினார். இச்சோதனை கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் செய்து காட்டப்பட்டு வந்தது. இதனினும் நுண்ணிய கருவிகளால் அளந்த அளவுகளைப் பார்ப்போம். செம்பின் கடத்துதிறனை 400 எனக் கொண்டால் வெள்ளி 430 ஆகும். அலுமினியம் 237, இரும்பு 80. கருங்கல்லோ ஏறக்குறைய 3, கண்ணாடி 1, மரம் ஒன்றில் ஆறிலொரு பங்கு அளவே. அசைவற்ற காற்று ஒன்றில் நாற்பதிலொரு பங்கு. செம்பிற்கும் காற்றிற்கும் இடையே பதினாறாயிரம் மடங்கு தாரதம்மியம் உளது. இவ்வெண்களுள் கருங்கல்லின் எண்ணை மட்டும் நேயர்கள் மனத்திற் கொள்க. பூமியின் மேலோடு கருங்கல் போன்ற பாறையால் ஆயது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? உலோகங்களில் அணுக்கள் வரிசை வரிசையாய் நிற்க, அவற்றின் பிடியினின்று விடுபட்ட எலெக்ட்ரான்கள் பொருள் முழுதும் உலவித் திரிகின்றன. மின்சாரத்தைச் சுமப்பன அவையே; உஷ்ணத்திற் பெரும்பகுதியைச் சுமப்பனவும் அவையே. எலெக்ட்ரான் என்னும் ஒன்றுண்டு என்பது 1897-ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. ஆயினும் அதற்கு 44 ஆண்டுகள் முன்னரே, 1853-இல், வீடெமன், பிரான்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் இருவர், மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் உஷ்ணத்தையும் அதே விகிதத்தில் நன்கு கடத்துகின்றது என்பதைக் கண்டனர். சுமப்பவன் ஒருவனே என்பதற்கு அது முதற்சான்று.

கல், கண்ணாடி, மரம் முதலியவற்றில் அங்ஙனம் உலவும் எலெக்ட்ரான்கள் இல்லை. அங்கே உஷ்ணம் அணுக்களின் நடுக்கமாகவே செல்கின்றது. ஒருவர் தோளை ஒருவர் பற்றி நிற்கும் நீண்ட வரிசையில் ஒரு முனையில் நிற்பவரை உலுக்கினால் அவ்வசைவு மறுமுனை வரை அலையாய்ச் செல்லுமன்றோ, அது போல. வரிசை ஒழுங்காயிருப்பின் அலை நெடுந்தூரம் ஓடும். ஒழுங்கு குலைந்தவிடத்திற் சிதறித் திரும்பும். வயிரத்தில் இலேசான கரி அணுக்கள் மிக்க உறுதியாய்ப் பிணைந்து, ஒழுங்கும் குலையாதிருத்தலின், அது மின்சாரத்தைக் கடத்தாவிடினும் உஷ்ணத்தைச் செம்பினும் ஐந்து மடங்கு கடத்துகின்றது. இரத்தினப் பரிசோதகர் கல்லின்மேல் சிறு ஊசியை வைத்து வயிரத்தையும் கண்ணாடியையும் நொடியிற் பிரித்தறிவது இக்குணத்தாலேதான். கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. கருங்கல்லோ பலவகைக் கனிகங்களின் சிறு மணிகள் நெருங்கிச் செறிந்த கலவை. அதனுள் அலை சில அணுத்தூரம் செல்வதற்குள் மோதித் திரும்புகின்றது.

இனி, கணக்கிற்கு வருவோம். பிரெஞ்சு தேசத்து ஓசேர் என்னும் ஊரில் 1768-இல் ஒரு தையற்காரரின் மகனாய்ப் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பின்னர் நெப்போலியனுடன் எகிப்திற்குச் சென்று மீண்டவர் ஜோசப் பூரியே. எகிப்து வெயிலிற் பழகிய பின் அவர் அறையை எந்நாளும் சூடாக வைத்துக்கொண்டு தடித்த உடைகளைப் போர்த்திருந்தார் என ஒரு செய்தி வழங்குகின்றது. உஷ்ணத்தைப் பற்றி எழுதியவருக்குப் பொருத்தமான செய்திதான். கிரனோபிள் நகரில் அரசாங்க அதிகாரியாயிருந்துகொண்டே அவர் 1807-இல் தம் ஆராய்ச்சியைப் பாரிஸ் பண்டித சபைக்கு அனுப்பினார். லக்ராஞ்சு முதலிய பெருங்கணிதர் அதன் முறையை ஏற்கத் தயங்கினர். நூல் வெளிவந்தது 1822-இல்.

பூரியே கண்ட விதி மிக எளிது. நீர் மேட்டினின்று பள்ளத்திற்குப் பாய்வது போல உஷ்ணம் சூடான இடத்தினின்று குளிர்ந்த இடத்திற்குப் பாய்கின்றது. சரிவு எவ்வளவு செங்குத்தோ பாய்ச்சலும் அவ்வளவு. ஓர் அடித் தூரத்தில் உஷ்ணநிலை பத்து டிகிரி இறங்குமாயின், ஐந்து டிகிரி இறங்குமிடத்தினும் இருமடங்கு உஷ்ணம் பாயும். அதனைப் பொருளின் கடத்துதிறனாற் பெருக்கினால் பாயும் உஷ்ணத்தின் அளவு வந்துவிடும். இத்துடன், ஓரிடத்திற்கு வந்த உஷ்ணத்தினும் போன உஷ்ணம் குறைவாயின் அவ்விடம் சூடேறும் என்னும் வரவு செலவுக் கணக்கையும் சேர்த்துக்கொண்டால் முழுச் சாஸ்திரமும் அமைந்துவிடும்.

இவ்விரண்டினின்றும் பிறக்கும் முடிவொன்று நம் கட்டுரைக்கு உயிர்நிலையாயது. உஷ்ணம் ஒரு முழம் செல்ல ஒரு நாழிகையாகுமாயின், இரண்டு முழம் செல்ல இரண்டு நாழிகை ஆகாது, நான்கு நாழிகையாகும். பத்து முழம் செல்ல நூறு நாழிகையாகும். தூரத்தின் வர்க்கப்படி காலம் வளர்கின்றது. ஒவ்வோரணுவும் தனக்குக் கிடைத்ததை முன்னும் பின்னும் பங்கிடுவதேயன்றி ஒரே திசையில் தள்ளுவதில்லை. தூரம் மிகமிகச் சரிவும் தளர்ந்துபோகின்றது. கருங்கற் பாறையில் ஒரு மீட்டர் ஆழத்திற்கு மேற்புறச் சூட்டில் ஏறக்குறைய அரைவாசி சென்று சேர 12 நாள் ஆகும். பத்து மீட்டருக்கு மூன்று ஆண்டு. ஒரு கிலோமீட்டருக்கு முப்பதாயிரம் ஆண்டு. நூறு கிலோமீட்டருக்கோ முப்பது கோடி ஆண்டு. பூமியின் மையம் 6,370 கிலோமீட்டர் ஆழத்திலுள்ளது. அங்குள்ள உஷ்ணம் கடத்தல் ஒன்றினாலேயே மேலே வருவதாயின் அதற்குப் பல்லாயிரங்கோடி ஆண்டுகள் வேண்டும். இவை பருமட்டான அளவுகளே. ஆயினும் இவற்றின் போக்கை அறிதல் அவசியம்.

நம் காலின் கீழேயே இதற்குச் சான்றுண்டு. பகலிற் சுடும் மணலைப் பாதத்தளவு தோண்டினாலே குளிர்ந்த மண் தோன்றும். பகலின் சூடும் இரவின் குளிர்ச்சியும் அலைபோல் மண்ணுள் இறங்கி அரை மீட்டருக்குள் மாய்ந்துபோகின்றன. கோடையும் மாரியுமாகிய வருஷ அலையோ 365 மடங்கு நீண்ட காலத்தையுடையது. ஆதலின் 365-இன் வர்க்கமூலமாகிய 19 மடங்கு ஆழம் இறங்கி, பத்து மீட்டருக்குச் சற்றே கீழே அதுவும் மாய்கின்றது. எடின்பரோ சர்வகலாசாலைப் பேராசிரியர் போர்ப்ஸ் 1837-இல் அந்நகரத்துக் கால்டன் குன்றின் பாறையைத் துளைத்து, 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் நீண்ட உஷ்ணமானிகளைப் பதித்தார். அவை காட்டியது விந்தையாயிருந்தது. 24 அடி ஆழத்தில் கோடையின் உச்சம் வந்து சேர்வதற்குள் மேலே பனிக்காலம் வந்துவிட்டது. வந்த கோடையும் தன் வலிமையில் பெரும்பங்கை வழியிலேயே இழந்திருந்தது. பாரிஸ் வானசாஸ்திர நிலையத்தின் நிலவறை 28 மீட்டர் ஆழமுடையது. அங்கே கோடையுமில்லை, பனியுமில்லை. ஆண்டு முழுதும் ஏறக்குறைய 12 டிகிரியே.

அதற்கும் கீழே சென்றால் யாதாகும்? குளிர்வதற்குப் பதிலாகச் சூடேறத் தொடங்குகின்றது. சுரங்கத் தொழிலாளர் இதனை நெடுங்காலமாய் அறிவர். கோலார் தங்கவயலில் வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களினின்று சென்ற தமிழ்மக்கள் தலைமுறை தலைமுறையாய் இறங்கி உழைத்த சுரங்கங்கள், 2001-இல் மூடப்படுவதற்கு முன் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாய் ஆழ்ந்திருந்தன. அவ்வடியில் பாறை 60 டிகிரிக்கு மேற் சூடாயிருந்ததால் குளிர்ந்த காற்றைக் கீழே செலுத்தியே வேலை வாங்க முடிந்தது. தக்காணப் பாறை மிகப் பழையதாதலின் அங்கே சூடேறும் விகிதம் குறைவு. பிற இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஏறுதல் சாதாரணம். கீழே சூடு, மேலே குளிர்ச்சியெனின், பூரியேயின் விதிப்படி உஷ்ணம் இடைவிடாது மேலே பாய்ந்து வெளியேறிக்கொண்டிருத்தல் வேண்டும். வெளியேறுமாயின் பூமி குளிர்ந்து வருகின்றது. குளிர்ந்து வருமாயின் முன்னொரு காலத்தில் இன்னும் சூடாயிருந்திருத்தல் வேண்டும்.

இவ்வழியைப் பற்றிச் சென்றவர் வில்லியம் தாம்ஸன். இவர் பின்னர்க் கெல்வின் பிரபு எனப் பட்டம் பெற்றவர். 1824-இல் பெல்பாஸ்டில் பிறந்து, பதினாறாம் வயதில் பூரியேயின் நூலை இரண்டே வாரத்திற் படித்து முடித்து, 22-ஆம் வயதில் கிளாஸ்கோ சர்வகலாசாலையின் பேராசிரியராய் அமர்ந்தார். போர்ப்ஸ் பதித்த உஷ்ணமானிகளின் பல்லாண்டுக் குறிப்புகளைக் கொண்டு பாறையின் கடத்துதிறனைக் கணித்தவரும் அவரே. 1862 ஏப்ரலில் எடின்பரோ ராயல் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை பூமியின் குளிர்ச்சியைப் பற்றியது.

அவருடைய வாதம் இது. பூமி ஒரு காலத்தில் உருகிக் கிடந்து பின் உறைந்தது. உறைந்தபொழுது முழுதும் 7,000 பாரன்ஹீட் டிகிரி சூடாயிருந்ததெனக் கொள்வோம். மேற்புறம் விரைவிற் குளிர்ந்துவிடும். அதன் பின் உட்புறத்து உஷ்ணம் பாறையினூடே கடத்தலால் மெல்ல வெளிவரும். தொடக்கத்தில் மேற்புறத்தையடுத்த சரிவு மிகச் செங்குத்தாயிருக்கும். நாளேற நாளேற அது தளர்ந்துவரும். காலம் நான்கு மடங்கானால் சரிவு பாதியாகும். இன்றைய சரிவு ஐம்பது அடிக்கு ஒரு பாரன்ஹீட் டிகிரி எனச் சுரங்கங்கள் காட்டுகின்றன. அவ்வளவுக்குத் தளர எத்துணைக் காலம் ஆகியிருக்கும்? விடை 9 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். எடுத்துக்கொண்ட அளவுகளில் ஐயத்திற்கு இடங்கொடுத்து, 2 கோடிக்குக் குறையாது, 40 கோடிக்கு மேற்படாது என எல்லை வகுத்தார். கல்லூரி மாணவன் ஒருவன் இக்கணக்கை அரைமணி நேரத்திற் போட்டுப் பார்க்கலாம். விடை சரியாகவே வரும்.

இவ்விடை எத்தகைய கலக்கத்தை உண்டாக்கிற்றென்று இப்பொழுது உணர்வது அரிது. சார்லஸ் லயல் முதலிய பூகர்ப்ப சாஸ்திரிகள் மலை தேய்வதற்கும் பள்ளத்தாக்குத் தூர்வதற்கும் காலத்தை வரையின்றிச் செலவிட்டு வந்தனர். கெல்வின் அவர்களைக் கண்டித்தது நியாயமேயெனக் கூறவேண்டும். காலத்தைக் கேட்டவளவு கடன் வாங்கலாமென்ற எண்ணம் சாஸ்திரமாகாது. ஆனால் பேரிடி டார்வினுக்கு. 1859-இல் வெளிவந்த தம் நூலில் அவர், தென் இங்கிலாந்தின் வீல்டு என்னும் பகுதி தேய்வதற்கே 30 கோடி ஆண்டு ஆகியிருக்குமென எழுதியிருந்தார்; குறை கூறுவாரைக் கண்டு மூன்றாம் பதிப்பில் அவ்வெண்ணை நீக்கிவிட்டார். அதற்குப் பின் வந்தது கெல்வினின் கணக்கு. உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறி இத்தனை வகையாவதற்கு 10 கோடி ஆண்டு போதாது. தம்மை மிகவும் வருத்தும் தொல்லைகளுள் இதுவும் ஒன்றென அவர் நண்பருக்கு எழுதினார். கணிதத்தை எதிர்த்து வாதிக்க அவருக்கு வழி தெரியவில்லை. 1882-இல் மறையும் வரையிலும் விடை கிடைக்கவில்லை.

டார்வினுக்குத் துணை நின்ற ஹக்ஸ்லி 1869-இல் ஒரு மறுமொழி கூறினார். கணிதம் மிக நேர்த்தியான அரைவை இயந்திரம் போன்றது. ஆயினும் இட்ட பொருளையே அது அரைத்துத் தருமென்பது அவர் கருத்து. கேழ்வரகை இட்டுக் கோதுமை மாவை எதிர்பார்த்தல் தகாது என்று நாம் சொல்லலாம். ஆனால் இட்ட பொருளில் எது தவறென்பதை ஹக்ஸ்லியாற் சுட்டிக்காட்ட இயலவில்லை. சுட்டிக்காட்டாத வரையிற் கணக்கே வென்றது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கெல்வின் தம் எல்லையைக் குறுக்கிக்கொண்டே வந்து, 1897-இல் 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடைப்பட்டதென்றும், 2 கோடியையே அடுத்ததென்றும் உரைத்தார்.

தவற்றைச் சுட்டியவர் அவருடைய பழைய துணைவரே. ஜான் பெரி என்பார் கிளாஸ்கோவில் கெல்வினுக்கு உதவியாளராயிருந்து, ஜப்பானில் சில ஆண்டுகள் கற்பித்துப் பின் லண்டனிற் பேராசிரியரானவர். கணக்கிற் பிழையில்லையென அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். பிழை இருந்தது, மேலிருந்து மையம் வரை பூமி ஒரே தன்மைத்தான திடப்பொருள், அதனுள் கடத்தலையன்றி வேறு வழியில்லை என்று கெல்வின் வைத்துக்கொண்ட இடத்தில். 1895 ஜனவரியில் ‘நேச்சர்’ பத்திரிகையில் பெரியின் வாதம் வெளிவந்தது.

அதனை ஒரு கூழ்ப்பானையால் விளக்கலாம். இறக்கி வைத்த கூழின் மேல் ஆடை படிகின்றது. பானை முழுதும் கெட்டியாய் உறைந்திருப்பின், ஆடையையடுத்த பகுதி மட்டும் குளிரும். அடியிலுள்ள சூடு மேலே வரும் வழியின்றிக் கிடக்கும். சிறிது நேரத்தில் மேற்பகுதியின் சரிவு தளர்ந்துவிடும். உள்ளே கூழ் மெல்லச் சுழன்றுகொண்டிருப்பின் நிலைமை வேறு. அடியிற் கிடக்கும் சூடெல்லாம் ஆடையின் கீழ்ப்புறத்திற்கு இடைவிடாது வந்துசேரும். ஆதலின் ஆடையின் சரிவு நெடுநேரம் செங்குத்தாகவே நிற்கும். மேலாடையில் மட்டும் உஷ்ணமானியை வைத்துப் பார்ப்பவன் சரிவைக் கண்டு, கூழை இப்பொழுதுதான் இறக்கினார்கள் என்றே சொல்வான். கெல்வினின் நிலையும் அஃதே. அவருடைய 9 கோடியே 80 லட்சம் ஆண்டில் கடத்தலாற் குளிர்ந்திருக்கக் கூடியது மேலோட்டில் நூறு, இருநூறு கிலோமீட்டரே. அதற்குக் கீழுள்ள பேருஷ்ணம் அவர் கணக்கில் வாளாகிடந்தது. உட்புறத்து உஷ்ணம் எளிதில் மேலே வருமாயின், இதே சரிவுடன் பூமியின் வயது 200, 300 கோடி ஆண்டாகவும் இருக்கலாமெனப் பெரி காட்டினார். மேல் எல்லையை இன்னும் பத்துமடங்கு உயர்த்தியிருக்கலாம் என்று கெல்வின் ஒரு கடிதத்தில் இசைந்தார். எனினும் இரண்டாண்டு கழித்து முன்னினும் குறுகிய எல்லையையே வற்புறுத்தினார். பெரியின் வாதத்தையோ பெரும்பாலோர் மறந்தனர்.

பாடநூல்கள் பல இக்கதையை வேறுவிதமாய் முடிக்கின்றன. 1896-இல் பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டார். 1903-இல் பியர் கியூரியும் லபோர்டும் ரேடியம் இடைவிடாது உஷ்ணத்தை வெளியிடுகின்றதென அளந்தனர். 1904-இல் ரதர்போர்டு லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், முதியவராகிய கெல்வின் முன்னிலையிலேயே, பூமிக்குள் புதிய உஷ்ணம் பிறந்துகொண்டிருத்தலால் பழைய கணக்குச் செல்லாதென எடுத்துரைத்தார். இவையெல்லாம் உண்மையே. பாறைகளின் வயதை நேரே அளக்கும் கருவியும் கதிரியக்கமே தந்தது. 1956-இல் பாட்டர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டென நிறுவினார். ஆனால் கதிரியக்கத்தை மட்டும் கெல்வினின் திடமான பூமியினுள் புகுத்திக் கணக்கிட்டால் விடை அதிகம் மாறுவதில்லை. ஏனெனில் ஆழத்திற் பிறந்த உஷ்ணமும் அதே பாறையினூடே நடந்து வரவேண்டும். அது வந்து சேர்வதற்குக் காலம் ஏது? கெல்வினைத் தவறச் செய்தது பெரி சுட்டிய குறையே என்பது என் கருத்து. அண்மைக் காலத்தில் இக்கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தவர்களும் இம்முடிவையே கூறியிருக்கின்றனர்.

பூமியின் உட்புறம் சுழலுமாயின் அது திரவமோ எனின், இல்லை. மேலோட்டின் கீழ் 2,900 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி, பூகம்ப அலைகள் செல்லும் விதத்தை நோக்கின், திடமேயாம். ஆனால் மிகுந்த சூட்டில் திடப்பாறையும் மெல்ல இளகி நகரும்; ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். நம் நகங்கள் வளரும் வேகம் அது. கடத்தல் நூறு கிலோமீட்டர் செல்ல முப்பது கோடி ஆண்டாகுமென முன்னர்க் கண்டோம். ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் நகரும் பாறையோ அத்தூரத்தை 50 லட்சம் ஆண்டில் கடந்து, தன் உஷ்ணத்தையும் உடன் கொண்டுவந்து விடும். இத்தகைய சலனத்தை விரிவாய் எடுத்துரைத்த ஆர்தர் ஹோம்ஸின் கட்டுரை 1931-இல் வெளிவந்தது கிளாஸ்கோ நகரத்துப் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தின் வெளியீட்டிலே. கெல்வின் அரைநூற்றாண்டுக்கு மேற் போதித்த ஊர் அது.

கெல்வினின் சூத்திரம் குப்பையிற் போயிற்றென எவரும் எண்ணற்க. சமுத்திரங்களின் நடுவே நீண்ட மலைத்தொடர்கள் மூழ்கிக் கிடக்கின்றன. நமக்கு மேற்கே அரபிக்கடலிலுள்ள கார்ல்ஸ்பெர்க் தொடர் அவற்றுள் ஒன்று. அத்தொடர்களில் உருகிய பாறை எழுந்து உறைந்து புதிய கடலடித்தளமாகி, இருபுறமும் விலகிச் செல்லச் செல்ல மேலிருந்து குளிர்ந்து வருகின்றது. அதன் பிறந்தநாள் தெரியும். மேற்புறம் கடல்நீரால் எப்பொழுதும் குளிர்ந்திருக்கும். அதன் மேலடுக்கினுள் கடத்தலையன்றி வேறு வழியுமில்லை. பூமி முழுவதற்கும் கெல்வின் கற்பித்த நிலை அங்கே மெய்யாகவே அமைந்திருக்கின்றது. குளிர்ந்த பாறை சுருங்கிக் கனப்பதால் அடித்தளம் தாழ்கின்றது. தொடரின் உச்சியில் கடலின் ஆழம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். 40 லட்சம் ஆண்டு வயதான தளத்தில் 3.2 கிலோமீட்டர், 1 கோடியே 60 லட்சம் ஆண்டில் 3.9, 3 கோடியே 60 லட்சம் ஆண்டில் 4.6, 6 கோடியே 40 லட்சம் ஆண்டில் 5.3. இவ்வயதுகளின் வர்க்கமூலம் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என ஏற, ஆழமும் ஒரே படியாய் 0.7 கிலோமீட்டர் வீதம் இறங்குகின்றது. ஏறக்குறைய 8 கோடி ஆண்டு வரையில் இக்கணக்குப் பொருந்தும். அதற்கும் முதிர்ந்த தளத்திற்குக் கீழிருந்து சலனத்தால் உஷ்ணம் வந்து சேர்வதால், அது சூத்திரம் சொல்லும் அளவுக்குத் தாழ்வதில்லை.